திரை விலகுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

நரசிம்ம ஜெயந்திக்குத் தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூர் போய், பாகவத மேளா நாடகமான ‘பிரகலாத சரித்திரம்’ பார்க்க உட்கார்ந்தோம். முதலில் கோமாளியான கோணங்கி, பிறகு தோடயமங்கலம் என்ற இறைவணக்கப் பாட்டு, அப்புறம் பிள்ளையார் வேஷம். கதை தொடங்குவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நரசிம்மர் வர விடிந்துவிடும் என்றார்கள், கிளம்பிவிட்டோம். இந்த முன்பகுதியைச் சுருக்கினால் என்ன?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

கோடைப் புழுக்கத்தில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது சிரமம்தான். ஆனாலும் சுருக்கக் கூடாது என்றே சொல்வேன்.

ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை நாடகம் பார்க்க வைப்பதே கோணங்கியின் வேலை. கூம்புத் தொப்பியோடு அவன் ஆடி வந்ததும் பேச்சு குறையும். தோடயமங்கலத்தில் காது பாட்டுக்குப் பழகும். யானைமுகம் வைத்த சின்னப் பையன் வரும்போது வயதானவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் வரும் பிரவேச தரு, அதாவது பாத்திரம் மேடைக்கு வருவதைச் சொல்லும் பாட்டு, அதுதான் எனக்கு உயிர். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிரகலாதனின் அம்மா லீலாவதி வருகிறாள், அவள் இப்படிப்பட்டவள் என்று பாட்டு சொல்லிக்கொண்டே போகும், ஆள் வரமாட்டாள். திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்கும். பாட்டு தெலுங்கு, நமக்குப் பாதி புரியாது, ஆனால் கழுத்து தானாக நீளும். மெலட்டூரில் லீலாவதியாக ஆடுவது ஆண். திரை விலகும்போது அது நம் கண்ணில் படாமல் போவதற்கு, அந்தப் பாட்டு நம் மனதில் அவளை முன்கூட்டியே கொண்டுவந்துவிடுவதுதான் காரணம். அதை வெட்டினால் புடவை கட்டிய ஒருவர்தான் வந்து நிற்பார்.

பொன்னாடையும் வாழ்த்துரையுமாக நம்மை உட்கார வைக்கும் விழாக்கள் வேறு. அவற்றைத் தாராளமாக வெட்டலாம். அங்கே காத்திருப்பது நாம் மட்டும்தான். மெலட்டூரில் நரசிம்மராக வருபவரும் நம்மோடு காத்திருக்கிறார், அதுவும் விரதமிருந்து. அவர் அணியும் முகம் கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படுவது. அதை அவர் விடிகாலையில் முகத்தில் வைக்கும்வரை நடக்கும் எல்லாமே அதற்கான ஏற்பாடு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளை மதியமே தூங்க வையுங்கள். ஒரு பாயும் தலையணையும் எடுத்துப் போங்கள். நடுவில் கண் அசந்தாலும் பரவாயில்லை, தூண் பிளக்கும் கட்டத்தில் எழுப்பிக்கொள்ளலாம். உள்ளூர்ப் பாட்டி யாராவது பக்கத்தில் இருந்தால் அவரே எழுப்பிவிடுவார்.

அன்புடன்.