தண்டையார்பேட்டை அம்மாவுக்கு: தம்பி வேலையை விடலாமா?

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை படிப்பு, வேலை பற்றி யோசனை கேட்க நீங்களும் உங்கள் மகனும் என் அறைக்கு வந்துவிட்டுப் போனபிறகு, சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லவில்லையே என்று இருந்தது. வெளியே அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். படி இறங்கும்போது, "சார், நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றீர்கள். அவனுக்குச் சொல்ல நாலு விஷயம் இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல அதைவிட அதிகம். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் பயம் புரியாமல் இல்லை. ஐடிஐயில் ஏசி மெக்கானிக் முடித்து, நாலு வருஷமாக ஒரே இடத்தில் பதினெட்டாயிரம் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ என்று ஓடிக்கொண்டிருக்கிற பையன் "சொந்தமா பண்ணப் போறேன்" என்று நின்றால் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். அதிலும் பெண் பார்க்கிற நேரம். "மாப்பிள்ளை சொந்தமா பண்றார்" என்று சொன்னால், "அது சரி, வேலை எங்கே?" என்று கேட்கிற ஊர் இது.

நீங்கள் நாலைந்து முறை சொன்ன வார்த்தை 'நிரந்தரம்'. அதே பேச்சில்தான் உங்கள் மாமனார் பின்னி மில்லில் இருந்ததையும் சொன்னீர்கள். அதைவிட நிரந்தரமான வேலை பெரம்பூர் பக்கம் வேறு எது இருந்தது? அப்பன், பிள்ளை, பேரன் என்று ஒரே சங்குச் சத்தத்துக்கு எழுந்த வீடுகள். 1996-இல் மூடிவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் அப்போது என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

இப்போது, நீங்கள் போன் பேச வெளியே போன பத்து நிமிஷத்துக்கு வருகிறேன். தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போன மே மாதம் கொருக்குப்பேட்டையில் ஒரு வீடு. வயதான அம்மா ஒருவர் மட்டும். ஏசியில் காற்று வருகிறது, குளிர் இல்லை. மாடியில் வெளி யூனிட்டைத் திறந்து பார்த்தால் கெப்பாசிட்டர் உப்பிக்கொண்டு நிற்கிறது. அதனால் கம்ப்ரசர் கிளம்பவில்லை. கெப்பாசிட்டர் சில நூறு ரூபாய், மாற்றப் பத்து நிமிஷம். ஆனால் சூப்பர்வைசர் போனில் சொன்னது வேறு: கேஸ் லீக் என்று சொல்லு, மூவாயிரத்துக்கு பில் போடு, மாச டார்கெட் பாக்கி இருக்கு. போட்டிருக்கிறான். அந்த அம்மா முதலில் ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு, அப்புறம் பணத்தை எண்ணிக் கொடுத்தார்களாம். "அந்த மோர் இன்னும் தொண்டையிலேயே நிக்குது சார்" என்றான்.

அவன் கேட்கிற சுதந்திரம் இதுதான் அம்மா. காலையில் லேட்டாக எழுந்திருக்க அவன் ஆசைப்படவில்லை. கெப்பாசிட்டர் போனால் கெப்பாசிட்டர் என்று சொல்ல ஆசைப்படுகிறான்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் உண்டு. நானும் பதினோரு வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் மாதச் சம்பளம் வாங்கியவன். கோடை வந்தால் ஒவ்வொரு ஆசிரியரும் இத்தனை அட்மிஷன் பிடித்துத் தர வேண்டும். யாருமே கூப்பிட்டு வேலை தராத ஒரு படிப்பை, "நல்ல ஸ்கோப்" என்று எத்தனை அப்பாக்களிடம் சொன்னேன் என்று எனக்கே கணக்கு இல்லை. இன்று என் அறைக்கு வருகிற பையனிடம் "இந்தப் படிப்பு உனக்கு வேண்டாம்" என்று சொல்ல முடிகிறது. சொன்னால் நஷ்டம், அவன் அப்புறம் வரமாட்டான். ஆனாலும் சொல்லலாம். அந்தக் கல்லூரியை விட்ட முதல் வருஷத் தீபாவளிக்கு என் மனைவி சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் துணி எடுத்தோம் என்பதையும் மறைக்கவில்லை.

சொந்தத் தொழில் என்றால் நேரம் கையில் இருக்கும் என்று யாராவது தம்பியிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கும் போன் அடிக்கும். உங்கள் கூடப்பிறந்த தம்பியின் பெண் கல்யாணம் மே மாத முகூர்த்தத்தில் வந்தால், இவன் தாலி கட்டும்போது வந்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் ஓடுவான். கார்த்திகை மழையில் நாலு நாள் சேர்ந்தாற்போல போனே வராது. அப்போது உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். "பார்த்தியா, சொன்னேனே" என்று மட்டும் அந்த நேரத்தில் சொல்லிவிடாதீர்கள்.

இந்தத் தொழிலின் மாதக் கணக்கு தெரிந்துவிட்டால் பயம் பாதி குறையும். வெயில் ஏறுமுன் சர்வீஸ் செய்துகொள்கிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் கூப்பிடுவார்கள். அதனால் வேலையை விடுவதென்றால் ஜனவரிக் கடைசியில் விடட்டும், ஐப்பசியில் வேண்டாம். இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் வியாபாரிகளின் ஃப்ரீசர் காலியாக இருப்பதால் பழுது பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கும், ஆனால் கையில் காசு இருக்காது. அந்த வேலையை, பணத்தை ஜூலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று கடனுக்குத்தான் செய்ய முடியும். அதையும் அளவாகத்தான். உள்ளூர்க்காரன் என்பதில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது. உப்புக் காற்றில் திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளின் வெளி யூனிட் எவ்வளவு சீக்கிரம் அரித்துப்போகும் என்பது வெளியூர்க்காரனுக்குத் தெரிவதற்குள் இரண்டு கோடை போய்விடும்.

கடை விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. டி.எச். ரோட்டில் ஒரு கடை பார்த்து வைத்திருக்கிறானாம். வேண்டாம். ஏசியைத் தூக்கிக்கொண்டு யாரும் கடைக்கு வருவதில்லை, இவன்தான் போக வேண்டும். பத்து மாத அட்வான்ஸைக் கொட்டிவிட்டு, ஒன்றாம் தேதி வாடகைக்காக ஓடினால், அவனும் கேஸ் லீக் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவான். நிஜமாகவே. சூப்பர்வைசர் இருந்த இடத்தில் வாடகை உட்கார்ந்துகொள்ளும். முதல் இரண்டு வருஷம் உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம் போதும்.

தம்பி எழுதிக் காட்டிய பட்டியலில் வேக்யூம் பம்ப், கேஜ் செட், கிளாம்ப் மீட்டர், ஜெட் பம்ப் எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டாயிரம். பைக் இருக்கிறது. கையில் சேர்த்தது போதவில்லை என்றால் அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரைக்கும் கடன் உண்டு. அடமானம் கேட்கக்கூடாது. உங்கள் வளையலை வெளியே எடுக்காதீர்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், போனிலேயே போடலாம், அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள். சர்வீஸ் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கவலை இல்லை. மானியக் கடனெல்லாம் இரண்டாவது ஆளை வேலைக்கு வைக்கும்போது யோசிக்கலாம்.

ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொழிலுக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒன்று. முதல் ஆறு மாசம் வீட்டுக்குப் பதினைந்தாயிரம்தான் என்று முடிவுசெய்து, ஒன்றாம் தேதி அவனே அவனுக்குச் சம்பளம் போட்டுக்கொள்ள வேண்டும். மே மாதம் அறுபதாயிரம் வந்தாலும் பதினைந்துதான். மீதி நவம்பருக்கு. ஜிபேயில் வந்த காசில் அப்படியே மளிகையும் பெட்ரோலும் போட்டு, வருஷக் கடைசியில் லாபமா நஷ்டமா என்றே தெரியாமல் இருக்கிற நல்ல வேலைக்காரர்களை வண்ணாரப்பேட்டையில் தெருவுக்கு இரண்டு பேர் காட்டுவேன்.

வேலையை விட்டதும் பிஎஃப் பணத்தை உருவிவிட வேண்டாம், அப்படியே கிடந்து வட்டி ஏறட்டும். இஎஸ்ஐ போய்விடுமே என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. முதல் மாத வருமானத்திலேயே மருத்துவக் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது மாடிச் சன்ஷேடில் ஒற்றைக் காலில் நிற்கிற தொழில் இது. வங்கியில் வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது. அதை இன்றைக்கே போடலாம், ஆனால் அது மட்டும் போதாது. இடுப்பு பெல்ட்டும் கயிறும் அவன் பட்டியலில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி நீங்கள்தான் சண்டை போட வேண்டும்.

அப்புறம், இப்போதைய இடத்தின் வாடிக்கையாளர் நம்பர்களைப் போனில் ஏற்றிக்கொண்டு வெளியே வரக்கூடாது. அவர்களாகத் தேடி வந்தால் அது வேறு.

இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது ஜனவரிக்கு. அதுவரை வீட்டுச் செலவை, பால் பாக்கெட் முதல், ஒரு நோட்டில் நீங்கள் எழுதி வாருங்கள். பதினைந்தாயிரத்தில் குடும்பம் ஓடுமா என்று எனக்கோ தம்பிக்கோ தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ஓடாது என்று நோட்டு சொன்னால் ஒரு வருஷம் தள்ளிப் போடுவோம், அவனிடம் நானே பேசுகிறேன். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை நோட்டோடு வாருங்கள். பத்து மணிக்கு மேல் இருப்பேன்.