பீஸ்ட் பாய் எந்த விலங்காக மாறினாலும் ஏன் பச்சையாகவே இருக்கிறான்?

கிராஃபிக் நாவல் என்பது முழுக்கதையையும் கட்டம் கட்டமாகப் படங்களால் சொல்லும் புத்தகம். 1965-இல் டிசி காமிக்ஸ் என்ற அமெரிக்கப் படக்கதை நிறுவனத்தின் கதையில் அறிமுகமான, விலங்குகளாக உருமாறும் பச்சை நிறப் பையன் பீஸ்ட் பாய், 2020-இல் அப்படியொரு நூலுக்கு நாயகனானான்.

பச்சைக்குக் கதை சொல்லும் காரணம், சிறுவயதில் நோய்க்குச் செய்த சிகிச்சை. எனக்கென்னவோ ஓவியரின் காரணம்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு படக்கட்டத்தில் பையன், அடுத்ததில் புலி. இடையில் நடந்ததை வாசகர்தான் மனதில் நிரப்பிக்கொள்ள வேண்டும். நிறம் மாறாதிருந்தால் கண் தடுமாறாது. குலசேகரன்பட்டினம் தசராவுக்காகக் கரடி வேடம் கட்டி, வேர்த்து வழிய நம் கடைவாசலில் காணிக்கை கேட்பவரை, “மேலத்தெரு அண்ணாச்சியா?” என்று குரலை வைத்தே கண்டுகொள்கிறோம் அல்லவா? இங்கே குரலுக்குப் பதில் பச்சை.

விலங்கானால் மனித அறிவு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அவன் யானையானாலும் எலியானாலும் சொந்தப் புத்தியோடுதான் இருக்கிறான்.