பேட்டரி புதுசு, காலையில் கார் எடுக்கவில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏழு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் காலையில், சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றுவிடும். நாலைந்து முறை திருப்பினால் எடுத்துவிடும். மெக்கானிக் சொன்னதால் புது பேட்டரி போட்டேன். இரண்டு மாதம் தொந்தரவு இல்லை, அப்புறம் பழைய கதைதான். இப்போது ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார். ஆனால் அவர் கண்ணெதிரில் கார் ஒருமுறைகூடத் தகராறு செய்ததில்லை. மாற்றலாமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர்தான். அது கெட்டிருந்தால் பேட்டரி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். நாலாவது தடவை திருப்பியதும் முழு பலத்தோடு செல்ஃப் (இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) எடுக்காது. உங்கள் கார் எடுக்கிறது என்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, வழியில்தான் எங்கோ தடை.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். ‘டிக்டிக்டிக்’ என்று வேகமாக அடித்து, மீட்டர் விளக்குகளும் மங்கினால் வோல்டேஜ் போதவில்லை. அதற்குக் காரணம் பேட்டரியாக இருக்கலாம், கேபிள் மாட்டும் டெர்மினலாகவும் இருக்கலாம். ஒரே ஒரு ‘டிக்’ கேட்டு, விளக்குகள் பளிச்சென்று இருந்தால் செல்ஃப் மோட்டாரையோ அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் சாலினாய்டையோ அதற்குப் போகும் தடித்த கேபிளையோ பாருங்கள். சத்தமே இல்லாமல் விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரிந்தால் கிளட்ச் சுவிட்ச், ரிலே, சரியான சாவிதானா என்று பார்க்கும் இம்மொபிலைசர் என்று தேடல் வேறு பக்கம் போகும். அடுத்த முறை தகராறு செய்யும்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரையும் சத்தத்தையும் சேர்த்து போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். பட்டறையில் வந்து நல்ல பிள்ளையாக நிற்கும் காருக்கு அந்த அரை நிமிட வீடியோதான் சாட்சி.

அடுத்தது அளவு. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். இரவு நிறுத்திய காரில் காலையில், கதவு திறந்ததும் எரியும் விளக்குகள் அணைந்த பிறகு, பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. ஏசி, ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஐடிலில் ஒருமுறை பாருங்கள். அப்போதும் 13.5 பக்கம் நின்றால், ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்பவரிடம் “எந்த அளவை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று கேட்கலாம். சில புதிய கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்த கம்ப்யூட்டரே சார்ஜிங்கை அவ்வப்போது குறைக்கும். அதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிய கதைகளும் உண்டு.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் எர்த் கேபிள் மேல்தான். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் கறுப்புக் கேபிள் அது. நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையமான லக்கின் உள்ளே பச்சை பூத்திருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் காரீயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்பின் மேல் வேண்டாம். இன்னொரு முனை பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில் இருக்கட்டும். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் சரி. 0.5-ஐத் தாண்டினால் கேபிளோ டெர்மினலோதான் ஆள். பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை இதே சோதனையைச் செய்யலாம்.

புது பேட்டரி போட்டதும் இரண்டு மாதம் நன்றாக இருந்ததே என்கிறீர்கள். போடும்போது டெர்மினலைக் கழற்றி, சுரண்டி, இறுக்கியிருப்பார்கள். குணமானது அதனால்கூட இருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் கார் இல்லை, ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கே நின்றது? கதவடி வரை தண்ணீர் ஏறியிருந்தால் கீழே இருக்கும் கனெக்டர்களையும் எர்த் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த அரிப்பு அன்றே தெரியாது. ஒன்றிரண்டு வருடம் கழித்து இப்படித்தான் அவ்வப்போது தலை காட்டும்.

டெர்மினலில் பூத்த வெள்ளையையும் பச்சையையும் வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து கழுவலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது டெர்மினலைப் பிடுங்கி “பாருங்க சார், அணையல, ஆல்டர்னேட்டர் ஓகே” என்று காட்டும் வித்தையை மட்டும் யாருக்கும் அனுமதிக்காதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் காரின் கம்ப்யூட்டரான ஈசியூவையே கொன்றுவிடலாம். அதற்கு முன்னால் ஆல்டர்னேட்டர் விலை ஒன்றுமேயில்லை.

பிறகும் ஏதாவது பாகத்தை மாற்றத்தான் வேண்டும் என்றால், அளந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மாற்றியும் கோளாறு தீராவிட்டால் பேச்சைத் தொடங்க அந்தக் காகிதங்கள்தான் உதவும்.

கேள்வி: புதிதாக டேஷ்கேம் மாட்டினேன். நாலு நாள் கும்பகோணம் போய்வந்தால் கார் செத்துக் கிடக்கிறது. பேட்டரிக் கடையில் சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிட்டு “பேட்டரியில் குறையில்லை” என்கிறார்கள். நம்பலாமா? (பெசன்ட் நகர் வாசகர்)

பதில்: நம்பலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன கார் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் 35 மணி நேரம் தாங்கும். பூட்டி நிறுத்திய கார் கடிகாரத்துக்கும் அலாரத்துக்குமாக 0.05 ஆம்பியருக்குள் இழுத்தால் இயல்பு. பார்க்கிங் மோடில் விழித்திருக்கும் கேமரா 0.3 இழுப்பதாக வைத்துக்கொண்டால், நாலு நாளுக்கு 96 மணி நேரத்தில் 29 ஆம்பியர்-அவர் காலி. மிச்சத்தில் செல்ஃப் எப்படி எடுக்கும்?

கேமராவின் வயரை சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃப்யூஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். பார்க்கிங் மோட் வேண்டுமென்றால் வோல்டேஜ் குறைந்ததும் துண்டிக்கும் கிட் போட்டு அதை 12.4-ல் வையுங்கள். 11.8-ல் வைத்தால் துண்டித்தும் பயனில்லை. ஒன்று கவனம்: பேட்டரியை அடிக்கடி முழுதாகக் காலியாக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து, இன்று குறையில்லாத பேட்டரி விரைவிலேயே குறையுள்ளதாகிவிடும். ஃபேக்டரி வயரை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வாரன்டியில் இருக்கும் காரில் எலக்ட்ரிக்கல் கோளாறு வந்தால் ஷோரூம்காரர் முதலில் கைநீட்டுவது அந்த டேப் சுற்றிய இடத்தைத்தான்.

கேள்வி: 48 மாத வாரன்டி என்று பேட்டரி வாங்கினேன். 30 மாதத்தில் போய்விட்டது. இலவசம் இல்லை, புரோ-ரேட்டா தள்ளுபடிதான் என்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: கார்டைத் திருப்பிப் பாருங்கள். 24+24 என்று இருந்தால் முதல் 24 மாதம்தான் இலவச மாற்று, மீதிக்குப் புரோ-ரேட்டா, அதாவது பயன்படுத்திய மாதங்களுக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும் தள்ளுபடி. வாங்கும்போது கடைக்காரர் இரண்டையும் கூட்டிச் சொல்வார், நாமும் கூட்டியே கேட்டுக்கொள்வோம். அந்தத் தள்ளுபடி எம்ஆர்பியில் கணக்கிடப்பட்டால், ஜி.பி. ரோட்டில் பழைய பேட்டரியைக் கொடுத்துப் புதிதாக வாங்கும் விலையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சில நேரம் வித்தியாசம் சொற்பம், புதிதாக வாங்கினால் வாரன்டியும் முதலிலிருந்து தொடங்கும். அப்போது தயாரிப்பு மாதத்தையும் டெர்மினல் பக்கத்தையும் பாருங்கள். 38பி20 போன்ற பேட்டரி மாடல் எண்ணின் கடைசியில் எல், ஆர் என்று வருவது அந்தப் பக்கத்தைத்தான் குறிக்கும். மாறினால் கேபிள் எட்டாது.

இலவசக் காலத்துக்குள்ளேயே மறுத்திருந்தால் கதை வேறு. பில், கார்டு, சீரியல் எண்ணோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: பேட்டரிக்கு வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? (தாம்பரம் வாசகி)

பதில்: கூடாது. ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். பெட்ரோல் பங்கிலோ பேட்டரிக் கடையிலோ டிஸ்டில்டு வாட்டர் கேனில் கிடைக்கும், விலையும் குறைவு. மூடி திறக்க முடியாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி என்றால் எதையும் ஊற்ற வேண்டியதில்லை.