கடைக்காரர்களுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ்ஸை எப்படிச் சுருக்குவது?

மொத்த வியாபாரம் செய்கிறீர்கள், தமிழில் அனுப்பும் செய்திக்குப் பதிலே வருவதில்லை, கட்டணமும் எகிறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கட்டணத்தைப் பார்ப்போம். ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து வரை ஒரே செய்தி. தமிழ் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் போவதால் 70தான். அதைத் தாண்டினால் 67, 67 ஆக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனியாகக் கணக்காகும். 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் 7.

அதனால் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி' என்று தொடங்கினால் விஷயத்துக்கு வருமுன்பே பாதிக்கு மேல் காலி. கல்லாவில் கூட்டம் நிற்கும்போது அதை யார் படிப்பார்கள்? இப்படி அனுப்பிப் பாருங்கள்:

'புதன் காலை 11க்கு சரக்கு வரும். இறக்க 2 ஆள் வேண்டும். சரியா?'

இடைவெளி உட்பட 60தான். எப்போது, என்ன, அவர் செய்ய வேண்டியது என்ன, மூன்றும் வந்துவிட்டது. 'சரி' என்று ஒரு சொல்லில் பதில் போடலாம். 'நாளை' என்று எழுதாதீர்கள்; மறுநாள் திறந்து பார்ப்பவருக்கு அது வேறு நாள்.

அப்புறம், பாக்கியையும் புது விலையையும் ஒரே செய்தியில் சேர்க்காதீர்கள். விலைக்குப் பதில் வரும், பாக்கிக்கு வராது! வாட்ஸ்அப்பில் எழுத்துக் கணக்கு இல்லைதான். ஆனால் அறிவிப்பில் முதல் ஓரிரு வரிதான் தெரியும், எனவே தேதியும் தொகையும் அங்கேயே இருக்கட்டும்.