பொதி சுமந்தவற்றுக்கு ஒரு மண்சிலை

அன்புள்ள ஐயா,

தில்லி தீன்மூர்த்தி நினைவிடத்தைப் பார்த்தேன். முதல் உலகப்போரில், 1918 செப்டம்பர் 23 அன்று, இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபா நகரைப் பிடித்த மைசூர், ஜோத்பூர் குதிரைப்படைகளை நினைவுகூரும் இடம். மூன்று வீரர்கள் நிற்கிறார்கள், குதிரை ஒன்றுகூட இல்லை. போரில் மடிந்த விலங்குகளுக்காக எங்கள் ஊர்ப் பள்ளியில், மண்சிலை செய்யும் குயவரான வேளாரிடம் சொல்லி ஒரு மண்குதிரை செய்து வைக்கலாம் என்று பேசிவருகிறோம். அய்யனார் கோயில் புரவி மாதிரியே வைக்கலாமா? வெயில் மழைக்குத் தாங்குமா?

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவசியம் செய்யுங்கள். ஆனால் புரவி வேண்டாம், பொதி ஏற்றிய கோவேறு கழுதையைச் செய்யச் சொல்லுங்கள்.

புரவி என்பது நேர்த்திக்கடன். சிலை செய்யச் சொல்லி வேளாரிடம் ஒரு பிடி மண் (பிடிமண்) கொடுத்து, ஊர்கூடித் தோளில் சுமந்துபோய் அய்யனார் முன் நிறுத்துவது. அதே உருவம் பள்ளியில் நின்றால் கொஞ்ச நாளில் மாலையும் சூடமும் வந்துவிடும், எதற்காக வைத்தோம் என்பது மறைந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டின் போர்களில் விலங்குகள் பாய்ந்தது குறைவு, சுமந்ததும் இழுத்ததும்தான் அதிகம். முதல் உலகப்போரில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை எல்லாம் சேர்த்து 80 லட்சம் இறந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குண்டடி பட்டுச் செத்தவற்றைவிடச் சேற்றிலும் குளிரிலும், தீனியில்லாமலும், நோயிலும் செத்தவையே மிகுதி.

செட்டிநாட்டுக்கு இது அயலூர்க் கதையும் அல்ல. உங்கள் ஊர் வீடுகளின் தேக்குத்தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. அந்தக் காடுகளில் மரத்தை ஓடைவரை இழுத்துக் கொடுத்தவை யானைகள். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபின், மரம் இழுத்துப் பழகிய யானைகளை இரண்டு தரப்பும் பாலம் கட்டவும் பாதை போடவும் பிடித்துக்கொண்டன. 1943இல் ஜப்பானியரின் பின்புறம் புகுந்து போரிட்ட பிரிட்டிஷ் தரப்பின் சிண்டிட் படையோடு சுமார் ஆயிரம் கோவேறு கழுதைகள் அதே காட்டுக்குள் போயின. கத்தினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்று அந்தப் படையின் கழுதைகளுக்குக் குரல்நாணை அறுத்தார்கள். உணவு தீர்ந்தபோது அவற்றையே கொன்று தின்றார்கள். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

உருவத்தில் கவனிக்க வேண்டியவை சில. ஒரு விலங்கின் சுமை, சேணம் நீங்கலாக, சுமார் 70 கிலோ. மலைப்பீரங்கி ஒன்றை எட்டுப் பொதியாகப் பிரித்து ஏற்றினார்கள். சேணத்தின் இரண்டு மெத்தைகளும் முதுகெலும்புக்கு இருபுறமும் படியும், எலும்பின் மேல் எதுவும் படக்கூடாது. ஒருபக்கம் எடை கூடினால் சேணம் புரண்டு முதுகு புண்ணாகிவிடும். அதனால் பொதிகளை இருபுறமும் ஒரே அளவாகச் செய்யச் சொல்லுங்கள். மார்புக்குக் குறுக்கே ஒரு வார், பின்தொடையைச் சுற்றி ஒரு வார். ஏற்றத்தில் சேணம் பின்னால் சரியாமல் முதல் வார் பிடிக்கும், இறக்கத்தில் முன்னால் சரியாமல் மற்றது பிடிக்கும். இந்த இரண்டு வாரும் இல்லாவிட்டால் அது சந்தைக்குப் போகும் கழுதைதான்.

இனி மண்வேலை. மூன்றடி உயரம் போதும். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்ப்பது வேளார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழக்கமில்லாதது பொதிதான். அதை மண்கட்டியாக வைத்தால் வயிறு அமுங்கிவிடும். பொதியும் உள்ளே கூடாக இருக்கட்டும், உடம்பில் ஈரம் இருக்கும்போதே ஒட்ட வேண்டும். காய்ந்த உடம்பில் ஈரப்பொதியை ஒட்டினால் இரண்டும் வேறுவேறு அளவில் சுருங்கி, ஒட்டு விட்டுப்போகும். கால்கள் இறுகும்வரை உடம்பை ஏற்றக்கூடாது, ஏற்றினால் வளைந்துவிடும். வயிற்றுக்கடியில் ஒரு முட்டுத்தூண் இருப்பது நல்லது. நீண்ட காதுகள் முதலில் காய்ந்து வெடிக்கும், ஈரத்துணி சுற்றிவைக்கவும்.

நிழலில் இரண்டு மூன்று வாரம் காயட்டும். சூளையில் முதலில் வெகுநேரம் வெறும் புகைதான். எடுத்தவுடன் நெருப்பைக் கூட்டினால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வயிற்றைப் பிளந்துவிடும். வெந்தபின் தானாக ஆறும்வரை திறக்க வேண்டாம்.

மழைக்குத் தாங்குமா என்றால், தண்ணீர் தேங்காதவரை தாங்கும். வயிற்றின் அடியில் வடிகால் துளை இருக்க வேண்டும். ஒன்றரை அடி உயரத்தில் செம்புராங்கல் மேடை, மேலே நாட்டு ஓடு வேய்ந்த சிறு கூரை. எனாமல் பெயின்ட் அடிக்காதீர்கள், ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து உரியும். சுண்ணாம்பும் காவியும் போதும்.

கல்வெட்டில் என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நமக்கே முன்மாதிரி இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு எடுத்தனூர் நடுகல்லில் கோவிவன் என்ற நாயின் பெயரும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் இருக்கின்றன. புகழ்மொழி ஒன்றும் இல்லை. நீங்களும் அப்படியே என்ன விலங்கு, எந்த இடம், எந்த ஆண்டு, என்ன சுமந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

வேளாரிடம் தை மாதமே சொல்லிவைத்துவிடுங்கள். வைகாசி, ஆனியில் புரவி எடுப்புக்கு ஊர் ஊராகப் பிடிமண் கொடுக்கத் தொடங்கிவிட்டால் அவர்களுக்கு வேறு வேலைக்கு நேரம் கிடைக்காது.