விசுவாசம் தளர்ந்தவள் ஊழியம் செய்யலாமா?

கேள்வி: சிறுவயது முதல் தவறாமல் ஆலயத்துக்குச் செல்பவள் நான். தாயார் இறந்தபின் ஜெபிக்க உட்கார்ந்தால் சொற்கள் வருவதில்லை. கடவுள் இருக்கிறாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. எங்கள் சபையார் சிலர் வாரந்தோறும் இரவில், வீடின்றித் தெருவோரம் தங்குபவர்களுக்கு உணவும் போர்வையும் கொண்டுசெல்கிறார்கள். மறுக்க முடியாமல் நானும் சேர்ந்தேன். அங்கே இருக்கும்போது மட்டும் மனம் சற்று இளகுகிறது. விசுவாசமில்லாமல் ஊழியம் செய்வது வேஷமாகாதா? அவர்களுடைய துன்பத்தை என் ஆறுதலுக்குப் பயன்படுத்திக்கொள்கிறேனோ என்றும் உறுத்துகிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, வேஷம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். நான்காம் நூற்றாண்டில் ரோமப் படையில் பணியாற்றிய மார்ட்டின், கடுங்குளிர் காலத்தில், இன்றைய பிரான்சிலுள்ள அமியான் நகர வாயிலில் உடையின்றி நடுங்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டு, தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியை அவருக்குக் கொடுத்தார். மிஞ்சிய துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிலர் சிரித்ததையும், அந்தப் பாதி அங்கியைக் கிறிஸ்து அணிந்திருப்பதாக அன்றிரவு அவர் கனவு கண்டதையும் அவருடைய வரலாற்றை எழுதிய சுல்பீசியஸ் செவேரஸ் பதிவுசெய்திருக்கிறார். பிற்காலத்தில் தூர் நகரத்தின் ஆயரான அவர், அந்த வாயிலில் நின்றபோது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தையும் இன்னொரு முறை நிதானமாக வாசியுங்கள். “எனக்கே செய்தீர்கள்” என்ற 40-ஆம் வசனத்தைப் பிரசங்கங்களில் ஓயாமல் கேட்கிறோம். அதற்கு முன்பாக, நியாயத்தீர்ப்பில் அரசராக வீற்றிருக்கும் கிறிஸ்துவின் வலதுபுறம் நிற்பவர்கள், உம்மை எப்போது பசியுள்ளவராகக் கண்டோம், எப்போது அந்நியராகக் கண்டு சேர்த்துக்கொண்டோம் என்று திகைத்துக் கேட்பதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். தாங்கள் யாருக்குப் பணிவிடை செய்தோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்டுகொள்ளவில்லையே என்று அரசர் அவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. உங்களுக்கும் இப்போது அவர் தென்படாமல் இருக்கலாம். அதற்காகப் போர்வையைக் கீழே வைத்துவிட வேண்டியதில்லை.

உறுத்தலைப் பொறுத்தவரை, அது கொஞ்சம் இருப்பது நல்லதே. நூறு பொட்டலங்களை அரை மணி நேரத்தில் கொடுத்து முடிக்க வேண்டும் என்று கிளம்பும் குழுவில், கை ஒருவரிடம் நீண்டிருக்கும்போதே கண் அடுத்தவரைத் தேடிப் போய்விடும். வாங்குபவர் அதை உடனே கவனித்துவிடுவார். இயேசு சொன்ன உவமைகளில், ஆபிரகாமைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பெயரோடு வருபவன் ஐசுவரியவானின் வாசலில் கிடந்த லாசரு ஒருவனே. ஐசுவரியவானுக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. ஆகவே பெயரைக் கேளுங்கள், அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். தரையில் அமர்ந்திருப்பவரிடம் குனிந்து பேசாமல் நீங்களும் அமர்ந்து பேசுங்கள். தலைமாட்டில் இருக்கும் பையை, இடம் ஒதுக்குவதற்காகக்கூட, கேட்காமல் நகர்த்தாதீர்கள். அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் புகைப்படம் என்று அவரிடம் எஞ்சியிருப்பதெல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

ஆறுதல் பெறுவதற்காக வெட்கப்படாதீர்கள். சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் தண்ணீர் கேட்டார். அவளுக்குத் தம்மால் தரக்கூடியதைப் பற்றி அதன் பிறகே பேசினார். உங்கள் முகம் வாடியிருப்பதைக் கண்டு அங்கே ஒருவர் காரணம் கேட்டால், தாயாரைப் பற்றிச் சொல்லுங்கள். தாயை இழந்தவர்கள் அங்கே பலர் இருப்பார்கள். துக்கத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நம் ஆறுதல் கூட்டங்களில் பேசுபவர்களுக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே இருக்கக்கூடும்.

ஏமாற்றத்துக்கும் ஆயத்தமாக இருங்கள். சிரமப்பட்டு அறை பிடித்துக் கொடுத்த ஒருவர் சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதுண்டு. குழுக்கள் சோர்ந்து கலைவது பெரும்பாலும் அப்போதுதான். அவரிடம் கணக்குக் கேட்காமல் மறுபடியும் பக்கத்தில் போய் அமர முடிகிறதா என்று பாருங்கள். கிறிஸ்தவ நம்பிக்கை என்று நான் புரிந்துகொண்டிருப்பது ஏறக்குறைய இதைத்தான். அது நல்லெண்ணத்தோடு நின்றுவிடவும் கூடாது: இன்றைய துருக்கியிலுள்ள செசரியாவின் ஆயர் பசிலியார் 370-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பஞ்சத்தைக் கண்டபின், ஏழைகளும் நோயாளிகளும் வழிப்போக்கரும் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லங்களை நகருக்கு வெளியே எழுப்பினார். உங்கள் குழுவும் போர்வையோடு நிறுத்திக்கொள்ளாமல் அடையாள ஆவணம், மருத்துவம், வாடகை முன்பணம் ஆகியவற்றைப் பற்றி யோசிக்கட்டும்.

விசுவாசம் திரும்பிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க இயலாது. ஜெபத்தில் சொற்கள் வராவிட்டால், அன்றிரவு சந்தித்தவர்களின் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் மகனுக்காக வந்த தகப்பன், தன் அவிசுவாசம் நீங்க உதவும்படி அழுது கேட்கிறான். அந்த அரைகுறை விசுவாசத்தோடு வந்தவனின் மகனைத்தான் இயேசு குணமாக்கினார்.

கேள்வி: எங்கள் குழுவில் ஜெபம் முடிந்த பிறகே உணவு வழங்குவோம். சிலர் முணுமுணுக்கிறார்கள். இந்த வழக்கத்தைத் தொடரலாமா?
– ஒரு வாசகர்

பதில்: நிறுத்திவிடுங்கள். பசித்தவரைக் காக்கவைத்துச் சொல்லவைக்கும் ஆமென் யாருக்கும் பயன்படாது. குணமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டுமே நன்றி சொல்லத் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை இயேசு திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் உணவைக் கொடுங்கள். ஜெபிக்க விரும்புபவர்களுக்காகக் குழுவில் ஒருவர் சற்றுத் தள்ளிக் காத்திருக்கட்டும். தேவைப்படுபவர்கள் தாமாகவே அவரிடம் வருவார்கள்.