ஜாமீனா, ஸ்டம்ப் தலையில் கட்டையா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். தினமும் காலையில் ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்தோடு உட்காருகிறவர். போன வாரம் ஒரு குறிப்பில் மாட்டிக்கொண்டாராம். தமிழில் சொன்னால் இப்படி: "உள்ளே இருப்பவரை வெளியே விடும், ஆடுகிறவரை வெளியே அனுப்பும்." ஐந்து எழுத்து, பி-யில் தொடங்கி எஸ்-ஸில் முடிகிறது. சட்டம் படிக்கும் மகள் 'பாண்ட்ஸ்' என்று சொல்ல, பேனாவாலேயே எழுதிவிட்டார். மேலிருந்து இறங்கும் சொல்லோ நடுக்கட்டத்தில் ஐ கேட்கிறது. "இந்த மாதிரிக் குறிப்புகளை எப்படிப் பிடிப்பது? தெரிந்தவர் ஒருவர் முப்பது வெள்ளிக்கு விடைப் புத்தகம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள் அம்மா. அதற்கு அப்புறம் வருகிறேன்.

விடை 'பெயில்ஸ்'. பி, ஏ, ஐ, எல், எஸ். கோர்ட்டில் அது ஜாமீன். கிரிக்கெட்டில் மூன்று ஸ்டம்ப்புகளின் தலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றும் சுமார் 11 சென்டிமீட்டர். பந்து பட்டு அது விழுந்தால் ஆடுகிறவர் நடையைக் கட்டவேண்டியதுதான். உங்கள் மகள் செய்த தப்பு சட்டம் படித்தது. கோர்ட்டு வாசனை அடித்ததும் சட்டப் புத்தகத்துக்குள் போய்விட்டார். குறிப்பு போடுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான்.

நான் முப்பது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவன், குறுக்கெழுத்துப் பைத்தியம். எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தது ஜாலான் ராஜா என்ற சாலை. ஒரு பக்கம் அந்தக் காலத்தில் உயர்நீதிமன்றம் இருந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். சாலையைத் தாண்டினால் சிலாங்கூர் கிளப்பின் கிரிக்கெட் திடல், இப்போது டத்தாரான் மெர்டேக்கா. கோர்ட்டுச் சொல் என்று தோன்றினால் மனதுக்குள் அந்தச் சாலையைக் கடந்துவிடுங்கள். திடல் சொல் என்று தோன்றினால் இந்தப் பக்கம் வாருங்கள். 'பெஞ்ச்' நீதிபதிகளுக்கும் உண்டு, ஆட இடம் கிடைக்காத மாற்று ஆட்டக்காரருக்கும் உண்டு. 'சர்வீஸ்' சம்மனைக் கையில் கொடுப்பது, பூப்பந்தில் முதல் அடி. 'அப்பீல்' இன்னும் ருசி. கிரிக்கெட்டில் எதிரணி கேட்காவிட்டால் அவுட்டே கிடையாது. அதுவும் பந்துவீச்சாளர் அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்குமுன் கேட்டாக வேண்டும். நம் கீழ் நீதிமன்றங்களில் குற்ற வழக்குத் தீர்ப்பு வந்தால் 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்கவேண்டும். இரண்டு இடத்திலும் தூங்கினவன் கெட்டான்.

குறிப்பு குட்டையாக இருந்து, எழுத்தைக் கலைத்துப் போடச் சொல்லும் சாடையும் இல்லையென்றால், பெரும்பாலும் அது இரட்டைப் பொருள்தான். நடுவில் எங்கே வெட்டலாம் என்று பாருங்கள். காற்புள்ளியை மட்டும் நம்பிவிடாதீர்கள், சில சமயம் தப்பான இடத்தில் வெட்டவைக்கத்தான் அது.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன்: 'கோர்ட்'. ஜாமீனும் கிரிக்கெட் கட்டையும் எழுத்தில்தான் ஒன்று, அகராதிகள் அவற்றைத் தனித்தனிச் சொல்லாகவே வைக்கின்றன. அப்படி வேர் வேறாக இருப்பதே நல்ல குறிப்புக்கு அழகு. ஆனால் வழக்கு நடக்கும் கோர்ட்டும் பூப்பந்து கோர்ட்டும் ஒரே சொல். சுற்றி அடைத்த முற்றம் என்பதுதான் மூலப் பொருள். அரசன் முற்றத்தில் உட்கார்ந்து நியாயம் சொன்னான், இன்னொரு முற்றத்தில் பந்தாடினார்கள். அதனால் கெட்டிக்காரர்கள் இந்த இரண்டை மட்டும் வைத்துக் குறிப்பு போட வெட்கப்படுவார்கள். மூன்றாவதாக ஒன்றை நுழைப்பார்கள்: ஒரு பெண்ணின் மனதைப் பிடிக்கப் பின்னால் சுற்றுவது. அதற்கும் ஆங்கிலத்தில் 'கோர்ட்' தான். வழக்கும் இல்லாமல் வலையும் இல்லாமல் காதல் வந்தால் கோர்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த விடைப் புத்தகம். இந்தத் தரகர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பழைய இங்கிலாந்துப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து, வளையக் கம்பி போட்டு விற்பார்கள். அதில் மூத்த வழக்கறிஞருக்கு 'க்யூசி', அதாவது அரசியின் வழக்கறிஞர், என்றிருக்கும். 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசி மறைந்த அன்றே அவர்கள் எல்லாரும் 'கேசி', அதாவது அரசரின் வழக்கறிஞர், ஆகிவிட்டார்கள். கிரிக்கெட் விதிகளிலும் 2021-லேயே 'பேட்ஸ்மேன்' போய் 'பேட்டர்' வந்தாயிற்று. அது தோசை மாவும் ஆகும் என்பதில் குறிப்பு போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். முப்பது வெள்ளிப் புத்தகத்துக்கு இதெல்லாம் தெரியாது. கைபேசியில் ஒரு வாரம் இலவசம் என்று வரும் விடைச் செயலிகள் இன்னும் மோசம். எட்டாம் நாள் கார்டிலிருந்து பணம் போகும். நிறுத்தும் பொத்தானைத் தேடுவது குறுக்கெழுத்தைவிடக் கஷ்டம்.

நாளிதழ்களும் லேசுப்பட்டவை அல்ல. இங்கிலாந்திலிருந்து புதிரை அப்படியே வாங்கி, விளம்பரத்துக்கு இடம்விட்டு அதை நெற்றிப் பொட்டளவுக்குச் சுருக்கிவிடுவது. 'சில்க்' என்றால் அங்கே கேசி, குதிரைப் பந்தயத்தில் ஜாக்கியின் பட்டுச் சட்டை. நம் வழக்கறிஞர்களுக்கு அந்தப் பட்டமே கிடையாது. ஜூரியை 1995-லேயே ஒழித்த நாட்டில் ஜூரியை வைத்து எத்தனை குறிப்புகள்! உள்ளூரில் ஒருவரைப் போட்டு எழுதவைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

தமிழில் மட்டும் இல்லையா என்ன? இதை மகளிடம் கொடுங்கள்: "கோர்ட்டில் வாதம், திடலில் பின்வரிசை." ஐந்து எழுத்து, புள்ளி வைத்த எழுத்துகளையும் சேர்த்து. அரை மணி நேரம் திணறினால் மட்டும் சொல்லுங்கள்: தற்காப்பு.